ஜெபமாலை சிஸ்டர் எழுதிவைத்த எட்டு வீடுகள்

செய்தி வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் என் வீட்டுக் குளியலறைக்குள் இருந்தார். காலை ஏழு மணி. நான் கூடத்தில் கையில் போனுடன் நின்றுகொண்டிருந்தேன். ஜெபமாலை சிஸ்டரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கோபத்தோடு அவருடைய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. அவரோடு தேனி ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ் பேசினார். "டீச்சர், ஜெபமாலை சிஸ்டர் தவறிட்டாக. ராத்திரி நல்லாத்தான் படுத்திருக்காக. காலையில எந்திரிக்கல. ராயப்பன்பட்டிக்குக் கொண்டு போறாக." நான் சரி சரி என்று மட்டும் சொன்னேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோபத்துக்குக் காரணம் அந்தப் பெண்தான். பதினோரு நாளைக்கு முன்னால்தான் சிஸ்டரிடம், அவர் எழுதிவைத்திருந்த வீட்டுப் பட்டியலிலிருந்து என் வீட்டை எடுத்துவிடும்படி கேட்டிருந்தேன். அவரும் சரி என்றிருந்தார். இருந்தும் ஒருத்தி வந்து, "பச்சை கேட்டு வீடு இதானக்கா?" என்று கேட்டு நிற்கிறாளே, சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை என்றுதான் எரிச்சல். செத்துப்போன ஒருவர்மீது கோபப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன், ஆகவில்லை.

அந்தப் பெண் வெளியே வந்தார். பெயர் செல்வி, கூடலூர், அன்றைக்கு இரண்டாவது ஊசி. என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, யாருக்கும் எதுவுமா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவளை அழவைத்து அனுப்ப மனம் வரவில்லை. அவருடைய பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்துப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.

வார்டில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அங்கே படுத்து எழுந்தவர்களுக்கும், மற்ற ஏழு வீட்டுக்காரர்களுக்கும் ஜெபமாலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகத்தான் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

எனக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். மதுரையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்தபின், மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு ஊசி போடச் சொன்னார்கள். உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு. ஊசி என்று பெயரே தவிர, ஒரு நாள் முழுக்க ட்ரிப்ஸ்தான். முதலில் உப்புத்தண்ணீர் இரண்டு பாட்டில், வாந்திக்கு மருந்து, அதன்பின் வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போட்ட ஒரு பாட்டில், மறுபடி உப்புத்தண்ணீர். கறுப்பு உறைக்குள் இருப்பதுதான் சிஸ்பிளாட்டின். பிளாட்டினத்தில் செய்த மருந்து. நோயைக் கொல்லும், போகிற வழியில் சிறுநீரகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அதனால் முந்தின நாளிலிருந்து மூன்று நாளைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குடித்தது வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வார்டின் மூத்த நர்ஸ் ஜெபமாலை. என்னைவிட இரண்டு வயது இளையவர். ராயப்பன்பட்டிக்காரர், தேனியில் வாடகை வீடு. குரல் பெரிசு, கை மெதுவு. நரம்பு கிடைக்காத கையில்கூட இரண்டாவது தடவை குத்தமாட்டார். கறுப்பு உறை பாட்டிலை மாட்டும்போதெல்லாம், "கழுத்துல குண்டுமணித் தங்கம் இல்லாட்டி என்ன, உங்களுக்கு ரத்தத்துலயே பிளாட்டினம் ஓடுது பாருங்க" என்பார். முதல் தடவை சிரித்தோம். ஆறாவது தடவையும் சிரித்தோம், அவருக்காக. "மருந்து பாதி, தண்ணி பாதி. மருந்தை நான் ஏத்துறேன், தண்ணியை நீங்கதான் ஏத்தணும்" என்பதும் அவர் வாயில் ஓயாமல் வரும்.

தண்ணீர்க் கணக்குக்கு அவரே ஒரு அட்டை செய்திருந்தார். நாளுக்குப் பன்னிரண்டு வட்டம். ஒரு தம்ளர் குடித்தால் ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். ஊசி நாளன்று காலையில் அட்டையைக் காட்ட வேண்டும். எல்லோரும் காட்டினோம். எல்லோருடைய அட்டையும் நிறைந்திருந்தது. எல்லோரும் பொய் சொன்னோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் வாசலைத் தாண்டும் பெண் தண்ணீர் குடிக்கமாட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை செய்கிறவளும், விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவளும், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த நானும் இதில் ஒன்றுதான். வழியில் ஒதுங்க இடம் கிடையாது, காலையில் வீட்டில் போனால் மறுபடி வீடு வந்துதான். முப்பது வருஷம் அப்படி இருந்ததை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே நினைத்திருந்தேன். நோய் வந்தபிறகும், ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டுமே என்று முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து பன்னிரண்டு வட்டத்தையும் பேனாவால் நிரப்பினேன்.

என் அட்டையை மட்டுமல்ல. பாண்டியம்மாள் என்று ஒருவர், கூடலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், ஏலத்தோட்ட வேலை. ஒரே பஸ்ஸில் வருவார். எழுதத் தெரியாது. "டீச்சரம்மா, எனக்கும் ரவுண்டு போட்டு விடுங்க" என்று அட்டையை நீட்டுவார். "குடிச்சீகளா?" என்று ஒரு தடவை கேட்டேன். "வாசல் தாண்டுனா என் வாயில தண்ணி படாது. உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். தெரியும். வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். வட்டங்கள் நன்றாக வந்திருந்தன. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை.

பாண்டியம்மாளின் மூன்றாவது ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பு ஏறியிருந்தது. சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் ஊசியை நிறுத்தினார். அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நடுவில் ஐந்தாறு வாரம் போய்விட்டது, நோய் காத்திருக்கவில்லை. சிறுநீரகம் மட்டுமே காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், "அட்டை எல்லாம் நிறைஞ்சிருக்கே, இது எப்பிடி?" என்று ஜெபமாலை அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. பாண்டியம்மாள் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கட்டிலில் கையில் ட்ரிப்ஸோடு படுத்திருந்த நானும் திறக்கவில்லை.

பாண்டியம்மாள் இறந்த செய்தி வார்டுக்கு வந்த அன்றுதான் சொன்னேன். "சிஸ்டர், அந்த ரவுண்டெல்லாம் நான் போட்டது. அவங்களும் குடிக்கல, நானும் குடிக்கல. இங்க யாருமே குடிக்கிறதில்ல." திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் அட்டையத்தான் பார்த்தேன் டீச்சர். ஆளைப் பாக்கல" என்றார். அன்றைக்கு என் ரத்தத்திலும் உப்பு கூடித்தான் இருந்தது. ஒரு வாரம் பார்ப்போம், குறையவில்லை என்றால் உங்களுக்கும் நிறுத்த வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அந்த வாரத்தில்தான் ஜெபமாலை லீவு போட்டார். காலையில் அட்டைக் கணக்குப்படி தண்ணீரைக் குடித்துவிட்டுத் தேனியில் கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பிற்பாடு அதை அவர் சொல்லும்போது வார்டே குலுங்கும். "வீரபாண்டி வரைக்கும் நான் சிஸ்டரு. அதைத் தாண்டுனதும் சாதா மனுசி. சின்னமனூர்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இறங்கி, முன்னால இருந்த வீட்டுக் கதவத் தட்டி, யாத்தே, கொஞ்சம் உள்ள விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்." அந்த வீட்டுக்காரம்மா தையல் வேலை செய்கிறவர். யார் என்ன என்று கேட்காமல் உள்ளே கையைக் காட்டினார். வெளியே வந்தபின்தான் ஜெபமாலை தான் யார் என்று சொல்லியிருக்கிறார். ஊசிக்கு வரும் பெண்கள் வழியில் இறங்கிப் போய்வரக்கூடிய வீடுகள் என்று அவர் போட்ட பட்டியலில் முதல் வீடு அது.

அதற்குப்பின் லீவு கிடைத்த நாளெல்லாம் ஜெபமாலை அந்த ரோட்டில்தான் இருந்தார். கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பகலில் ஆள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னால் பாதிப் பேர் இரக்கப்பட்டுச் சரி என்பார்கள். அதில் சிலர், "வர்றவுக என்ன ஆளுக?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். ஜெபமாலை சண்டை போடமாட்டார். "நல்லதும்மா, வர்றேன்" என்று இறங்கிவந்து, தெருமுனையில் நின்று பட்டியலில் அந்த வீட்டைக் கோடு போட்டு அடித்துவிடுவார். அப்படி அடித்தது எத்தனை என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கு ஒரு அட்டை போட்டா பத்தாது டீச்சர்" என்றார். மிஞ்சியது ஏழு வீடு.

என் ஐந்தாவது ஊசி நாளில் அவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். அந்த ஒரு வாரம் நான் உண்மையாகவே குடித்தேன், உப்பு இறங்கியிருந்தது. ஊசி போட்டாகிவிட்டது. உடம்பில் அத்தனை பாட்டில் தண்ணீரோடு சாயங்காலம் பஸ் ஏறினால், வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவில் திருவிழாக் கூட்டம். ரோடு முழுக்கத் தீச்சட்டியும் ஆட்களும். பஸ் நகரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து டிரைவரிடம் போய், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அண்ணே, டீச்சர் ஊசி போட்டுட்டு வர்றாக. இங்கன இறங்கிட்டு வந்துர்றோம், விட்டுட்டுப் போயிராதீக" என்றார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்கிட்டுப் போகப் போறேன், நீங்க மெதுவா வாங்க" என்றார்.

கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதற்குள் பட்டியலில் சேர்ந்திருந்த ஒரு வீடு. அங்கே உறவினர்கள் நிறைந்து, அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவிலும் ஒரு பெண், "ஊசிக்காரவுகளா? வாங்க வாங்க" என்று வழிவிடச் சொல்லி அழைத்துப் போனார். திரும்பி வரும்போது நான் அழுதுவிட்டேன். "எதுக்கு அழுகுறீக? வெக்கத்துக்கு வைத்தியம் எங்ககிட்ட இல்ல டீச்சர். அது மட்டும் நீங்களே பாத்துக்கிறணும்" என்றார். பஸ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆறு ஊசியும் முடிந்தது. விரல் நுனியில் மரப்பும், காதுக்குள் ஓயாத ஒரு ரீங்காரமும் இன்னும் இருக்கின்றன. மருந்து விட்டுப்போன அடையாளங்கள். உயிரோடு இருக்கிறேன் என்பதால் அவற்றைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. முடிந்த மறுமாதம் ஜெபமாலை என் வீட்டுக்கு வந்தார். எட்டாவது வீடு உங்களுடையதாக இருக்கட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்று சொல்லி, அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் அங்கே இருந்த பழைய கழிப்பறையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள நீங்க போறது எங்கன இருக்கு?" என்றார். காட்டினேன். "இதைக் குடுங்க" என்றார். தெருமுனைக்குப் போய் என்னை அடித்துவிடாமல் வீட்டுக்குள் நின்றே கேட்டாரே என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

நாலு வருஷம் ஆயிற்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. காலையில் போகும்போது சிலர், சாயங்காலம் திரும்பும்போது சிலர். தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். ஒருத்தி வந்து வாந்தி எடுப்பாள், ஒருத்தி பத்து நிமிஷம் படுத்துக்கொள்ளட்டுமா என்பாள். முகம் பழகி, பெயர் பழகி, பிள்ளைகள் கதையெல்லாம் தெரிந்தபின் ஒருநாள் வரமாட்டாள். ஊசி முடிந்ததா, ஆள் முடிந்ததா என்று சிஸ்டரைக் கேட்க எனக்குப் பயம். என் நோய் என்னை விட்டுப் போய்விட்டது. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறு வேறு முகத்தோடு வந்து கேட்டைத் தட்டியது. போன மாதம் ஒருநாள், தட்டும் சத்தம் கேட்டும் எழுந்திருக்காமல் கட்டிலில் கிடந்தேன். இரண்டு தடவை தட்டிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். யார் என்று தெரியாது. அன்று சாயங்காலம்தான் ஜெபமாலைக்குப் போன் செய்தேன். "சிஸ்டர், என்னால முடியல. ரொம்பக் களைப்பா இருக்கு. என் வீட்டை எடுத்துருங்க." ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரி டீச்சர். படுங்க" என்றார். நான் அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி.

ராயப்பன்பட்டி மாதா கோவில் கல்லறையில் அடக்கம். அவருக்குக் குடும்பம் என்று அண்ணன் வீடு மட்டும்தான். வார்டில் படுத்து எழுந்தவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இறங்கியவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது அண்ணன் வீட்டுக் கழிப்பறை எங்கே என்பதைத்தான். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்க வீட்டில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு வரிசை, எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். சின்னமனூர்த் தையல்காரம்மா என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்திருந்தா சிரிச்சிருப்பாக" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு முடியவில்லை.

அடுத்த வாரம் வார்டுக்குப் போனேன். போன் செய்த அந்த நர்ஸ், மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தார். நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள், மடிப்பில் நைந்துபோயிருந்தது. "எட்டாவது வீட்டுக்கு யாரையும் அனுப்பக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாக டீச்சர். யாராவது வந்தாகளா?" என்று கேட்டார். செல்வியை அனுப்பியது சிஸ்டர் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்ட யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியிருந்தார். தாளில் என் பெயரைப் பார்த்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: "டீச்சருக்குக் களைப்பு. தொந்தரவு பண்ணக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு நானே போய்க் கேக்கணும்."

பாண்டியம்மாள் விஷயத்தில் அட்டையைப் பார்த்து ஆளைக் கோட்டைவிட்டதாக வருந்தியவர், நான் போனில் சொன்ன வார்த்தையைத் தாண்டி என்னைப் பார்த்திருக்கிறார். எனக்கு வேண்டியிருந்தது விடுதலை இல்லை, ஒரு மாத ஓய்வு. அது எனக்கே தெரியவில்லை.

அந்த ஒரு மாதம் நேற்று முடிந்தது. கேட்க வருவதாக எழுதிவைத்தவர் ராயப்பன்பட்டியில் படுத்திருக்கிறார். இன்று காலை ஏழு மணிக்குச் செல்வி மூன்றாவது ஊசிக்குப் போகிற வழியில் வந்து, தட்டாமல் கேட்டுக்கு வெளியே நின்றார். "சிஸ்டர் போயிட்டாக. இனிமே நீங்க திறப்பீகளோ என்னமோன்னு யோசனையா இருந்துச்சுக்கா. நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்கல" என்றார். கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, இரண்டு தம்ளர் தண்ணீரை என் கண் முன்னால் குடிக்கவைத்தேன். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றேன். அட்டையைக் காட்டச் சொன்னேன். பன்னிரண்டும் நிரம்பியிருந்தது. வார்டிலிருந்து வாங்கி வைத்திருந்த வேறு அட்டை கொடுத்தேன். அதில் இரண்டு வட்டம் மட்டும் நிரப்பிக்கொண்டு போய் அப்படியே காட்டச் சொன்னேன்.

களைப்பு போய்விடவில்லை. அது இருக்கட்டும். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது, வார்டில் அதன் நகலை ஒட்டியிருக்கிறார்கள். ஜெபமாலையின் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. செல்வியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அதற்குக் கீழே அவருடைய பேச்சிலேயே என் கையால் எழுதி வைத்தேன்: "கேட்டாச்சு. டீச்சர் சரின்னு சொல்லிட்டாக."